மடங்கும் இடம்

கத்தி விமர்சனம் என்று ஓர் எழுத்துவகை நம் காலத்தில் உருவாகி நிலைத்துவிட்டது. கவிதை விமர்சனத்தைவிட அதற்கு வாசகர்கள் பல மடங்கு அதிகம். கட்டுரையாக வரும், காணொளியாக வரும், ஆனால் அதன் இலக்கணம் பெரும்பாலும் மாறாது. முதலில் பெட்டி திறக்கப்படும். பிறகு எஃகின் பெயர், ராக்வெல் எண், எடை, பூட்டின் வகை. அடுத்து காகிதம் அறுபடும், கயிறு அறுபடும். கடைசிக் காட்சியில் விமர்சகர் ஒரு விறகுக்கட்டையின் மேல் கத்தியை வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் ஓங்கி அடிப்பார். உடையவில்லை என்றால் அது ‘ஹார்ட் யூஸ்’ கத்தி. உடைந்தால் பொம்மை. அவ்வளவுதான், லைக் போட்டுட்டுப் போங்க.

வருஷக்கணக்கில் இதையெல்லாம் படித்தும் பார்த்தும் வருகிற ஒருவனின் உரிமையில் சொல்கிறேன். இந்த வகைமையில் எல்லாம் இருக்கிறது, வேலை மட்டும் இல்லை. யார் அறுக்கிறார்கள், எதை, ஒரு நாளில் எத்தனை தடவை, மழுங்கினால் எங்கே கொண்டுபோவார்கள், இதெல்லாம் வருவதே இல்லை. ஒரு நாவலை அதன் தாளின் தடிமனையும் தையலின் உறுதியையும் வைத்து மதிப்பிடுவதுபோல அது. தையல் முக்கியம்தான். ஆனால் நாவல் எங்கே?

‘தினமும் முரட்டுத்தனமாகப் பயன்படுத்த, நீடித்து உழைக்கிற மடக்குக் கத்தி எது?’ என்ற கேள்வியை இந்த விமர்சகர்கள் ஆயிரம் தடவை எழுப்பியிருக்கிறார்கள். அதே கேள்வியை ஓர் ஊருக்குள் இறக்கி வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஊர் கலசப்பாக்கம்.

*

திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாக வேலூர் போகும் சாலையில், செய்யாற்றை ஒட்டி இருக்கிறது கலசப்பாக்கம். மேற்கே பர்வதமலை, அதையும் தாண்டி ஜவ்வாது மலை. கீழே நெல், கரும்பு, மல்லாட்டை. (மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு: நிலக்கடலை.) மேலே ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமை, புளி, பலா, தேன். இங்கே ஒரு நாளில் என்னவெல்லாம் அறுபடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கரும்பு வெட்டணும். வரப்பில் சீமைக்கருவேலத்தைக் கழிக்கணும். மூங்கில் பிளக்கணும், இளநீர் சீவணும், விறகு உடைக்கணும். இதற்கெல்லாம் கொடுவா இருக்கிறது, அருவா இருக்கிறது, ஆட்டுக்குத் தழை இழுக்கத் தொரட்டி இருக்கிறது. இவற்றில் ஒன்றும் மடங்காது. ஏதாவது ஒரு பட்டறையில் போய் நின்று, “அண்ணே, மடக்குற மாதிரி ஒரு கொடுவா அடிச்சுக் குடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். “எதுக்குத் தம்பி?” என்பார். அந்த ‘எதுக்கு’வில் இருக்கிற விமர்சனம் நான் பார்த்த நூறு காணொளிகளில் இல்லை.

பட்டறைக்காரர் பெரும்பாலும் லாரியின் கமான் பட்டையை வெட்டித்தான் கொடுவா அடிக்கிறார். பள்ளம் மேட்டில் பல டன் சுமையோடு குதித்து வளைந்து நிமிர்வதற்காகவே செய்யப்பட்ட ஸ்பிரிங் எஃகு அது. கரிமம் ஏறக்குறைய 0.5 அல்லது 0.6 சதவீதம் இருக்கும். அதனால் அடி தாங்கும், சில்லு பெயராது. மழுங்கும், ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் திரும்ப வந்துவிடும். முதுகு தடிமன், முன்பக்கம் கனம், வால் பகுதி மரப்பிடிக்குள் இறங்கியிருக்கும். முரட்டு உபயோகத்துக்கு வேண்டிய பதில் முழுவதும் அந்தப் பொருளில் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் மடக்குக் கத்திக்கு இங்கே வேலையே இல்லையா? இருக்கிறது, நிறையவே. மோட்டார் கேபிளின் தோலை உரிக்கணும். சொட்டுநீர்க் குழாயை நறுக்கணும். உர மூட்டையின் தையலைப் பிரிக்கணும். மல்லாட்டை மூட்டைக்குச் சணல் அறுக்கணும். கன்றுக்கு ஒட்டுக் கட்டும்போது சீவணும். கொய்யாக்காய் நறுக்கணும், காலில் ஏறின முள்ளைக் கீறி எடுக்கணும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அற்ப வேலைகள். ஆனால் நாளைக்கு முப்பது நாற்பது தடவை வரும், வரும்போது கொடுவா வரப்பில் கிடக்கும். அந்த நேரத்தில் மனிதர்கள் பயன்படுத்துவது சட்டைப்பையில் காகிதத்தில் சுற்றி வைத்த பாதிப் பிளேடு. அதுவும் இல்லையென்றால் பல்லு. மடக்குக் கத்தியின் உண்மையான போட்டியாளர் இன்னொரு பிராண்டின் மடக்குக் கத்தி கிடையாது, பல்லுதான். எந்த விமர்சகரும் இந்த ஒப்பீட்டைச் செய்து நான் பார்த்ததில்லை.

இந்த வேலைகளில் முரட்டுத்தனம் எங்கே இருக்கிறது என்று கவனித்தால் சுவாரசியமாக இருக்கும். அடியில் இல்லை. வியர்வையின் உப்பில் இருக்கிறது. ஆற்று மணலில், பொட்டாஷ் தூசியில், பலாப்பாலில் இருக்கிறது. அறுத்து முடித்ததும் லுங்கியில் ஒரு தடவை துடைத்து அப்படியே மடக்கிப் பையில் போட்டுக்கொள்கிறோமே, அதில் இருக்கிறது. யாரும் சாயங்காலம் உட்கார்ந்து கத்திக்கு எண்ணெய் போடப்போவதில்லை. கவனிப்பே இல்லாமல் ஐந்து வருஷம் கிடந்து உழைக்குமா என்பதுதான் சோதனை. கட்டையால் அடிப்பது இதற்கு எந்தப் பதிலும் சொல்லாது.

*

மடங்கும் பொருள் எதுவானாலும் மடங்கும் இடத்தில்தான் சாகும். குடையை நினைத்துக்கொள்ளுங்கள். கத்தியில் அந்த இடம் ஒற்றை ஆணி. அலகு அதில் சுழல்கிறது. நுனி ஆணியிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, அலகைத் தாங்கிப் பிடிக்கும் பூட்டின் முகம் ஆணியிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80-ஐ 5-ஆல் வகுத்தால் 16. நுனியில் 10 கிலோ பாரம் விழுந்தால் பூட்டின் சின்ன முகத்தில் 160 கிலோ விழும். இது நெம்புகோல் கணக்கு, எட்டாம் வகுப்புப் பாடம்தான். எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இன்னொன்றும் உண்டு. சாதாரணமாக அறுக்கும்போது பொருள் கத்தியின் வாயை மேல்நோக்கித் தள்ளுகிறது, அலகு இன்னும் விரியப் பார்க்கிறது. அதைத் தடுப்பது நிறுத்தும் ஆணி. பூட்டுக்கு அப்போது வேலையே இல்லை. பூட்டு வேலை செய்வது அலகு மூடப் பார்க்கும்போதுதான்: நுனியால் குத்தும்போது, மாட்டிக்கொண்ட கத்தியை ஆட்டி இழுக்கும்போது, முதுகில் அடிக்கும்போது. ஆக, கட்டை அடிக்கும் காணொளி என்பது கத்தி எந்த வேலைக்காகச் செய்யப்படவில்லையோ அந்த வேலையைக் கொடுத்துப் பார்ப்பது. மீனை மரம் ஏறச் சொல்லி மதிப்பெண் போடுகிறார்கள்.

பூட்டுகளைப் பற்றி இருக்கிற அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்போது விற்கும் மலிவுக் கத்திகளில் அதிகம் இருப்பது லைனர் லாக். பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு வில்போல வளைந்து வந்து அலகின் பின்புறத்தை முட்டுக்கொடுக்கும். சுத்தமான மேசையில் அற்புதமாக வேலை செய்யும். பலாப்பழம் அறுத்த கையோடு மடக்கி, மறுநாள் திறந்து பாருங்கள். பால் உறைந்து பிசினாகித் தகடு முழுசாக வந்து உட்காராது. உட்கார்ந்த மாதிரி தெரியும், அதுதான் ஆபத்து. முதுகுப்பக்கம் பூட்டு இருக்கிற வகை, அதாவது 1964-இல் வந்த பக் 110 கத்தி உலகம் முழுக்கப் பரப்பிய வகை, இதைவிட நம்பகமானது. ஆனால் அதன் காடியில் மண் அடைந்தால் ஒரு முள்ளால் கிண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஃபிரேம் லாக், ஆக்சிஸ் லாக் என்று மேலே போகப்போக நுட்பம் கூடுகிறது, கூடவே உள்ளூரில் திறக்க முடியாத திருகாணிகளும் கூடுகின்றன. நட்சத்திர வடிவத் தலை கொண்ட அந்தக் குட்டித் திருகாணியைக் கழற்றும் கருவி மோட்டார் ரிப்பேர் கடையில் இருக்காது, செல்போன் கடையில் கேட்டால் ஒருவேளை இருக்கலாம்.

பூட்டே இல்லாத கத்திகள்மேல் எனக்கு மரியாதை அதிகம். பிடிக்குள் ஒரு வில் மட்டும் அலகைத் திறந்த நிலையில் அழுத்தி வைத்திருக்கும். விரல்மேல் மடங்கிவிடக்கூடும் என்ற பயம் உங்களை ஒழுங்காக அறுக்க வைக்கும். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தினமும் உழைத்த மடக்குக் கத்தி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் சவரக்கத்தியைத்தான் காட்டுவேன். ஒரே ஆணி. வில்லும் கிடையாது, பூட்டும் கிடையாது. ஒரு நாளில் எத்தனை கழுத்துகளைக் கடந்து போயிருக்கும்! எய்ட்ஸ் பயம் வந்த பிறகு அதில் பாதிப் பிளேடு செருகும் வகை வந்தது, மடங்கும் அமைப்பு அப்படியே இருக்கிறது.

*

எஃகுக்கு வருவோம். கத்தி விமர்சனத்தின் பக்தி இலக்கியம் இந்தப் பகுதிதான். 2001-இல் அமெரிக்காவில் எஸ்30வி என்ற எஃகு வந்தது. பொடியாக்கிய உலோகத்தை அழுத்திச் செய்வது. அதில் வனேடியம் 4 சதவீதம். வனேடியமும் கரிமமும் சேர்ந்து உண்டாகும் கார்பைடு மணிகள் எஃகுக்குள் பொட்டுப்பொட்டாக இருக்கும், அதனால் கூர் சீக்கிரம் தேயாது. எஸ்90வி, எம்390 என்று எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. ஆறு மாசம் தீட்டவே வேண்டாம் என்பார்கள். அட்டைப்பெட்டி அறுக்கிற ஆளுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஏழாவது மாசம் என்ன செய்வது? நம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் தீட்டுக்கல் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு அல்லது கார்பொரண்டம். 1954-இலேயே முருகப்பா குழுமம் வெளிநாட்டுக் கூட்டோடு சென்னையில் கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கிவிட்டது. சாணைக்கல்லுக்கு நமக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் வனேடியம் கார்பைடு அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது. அந்தக் கல்லில் இழுத்தால் சுற்றியுள்ள எஃகு தேயும், கார்பைடு மணிகள் அப்படியே நிற்கும். கூர் வராது, வந்த மாதிரி ஒரு பாவனைதான் வரும். வைரத்தூள் ஒட்டிய தட்டு வேண்டும். சைக்கிளில் சாணைச் சக்கரம் பூட்டிக்கொண்டு தெருவில் வருகிறாரே, அவரிடம் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். பொறி பறக்கப் பிடிப்பார், வாய் சூடேறி நீலம் பாயும், அந்த இடத்தில் பதம் போய்விடும். கொடுவாவுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் செய்வது சரியான வைத்தியம். மெல்லிய அலகுக்கு அது விஷம்.

அதனால் என் வாதம் எளிமையானது. உங்கள் ஊரில் கிடைக்கும் கல் எந்த எஃகைத் தீட்டுமோ அதுதான் உங்களுக்கு நீடித்து உழைக்கும் எஃகு. ராக்வெல் 55-க்கும் 58-க்கும் நடுவில் இருந்தால் போதும். விக்டோரினாக்ஸ் தன் கத்திகளை 56-ஐ ஒட்டித்தான் வைத்திருக்கிறது. அதைக் கேலி செய்யாத ‘எஃகு அறிஞர்’ கிடையாது, அந்தக் கேலியைத் தாண்டி நூறு வருஷமாக அது விற்றுக்கொண்டிருக்கிறது.

கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா என்ற சண்டையில் நான் இடத்தைப் பார்த்துத்தான் கட்சி மாறுவேன். புளி, மாங்காய், எலுமிச்சை அறுத்தால் கார்பன் அலகு கறுக்கும். அது கெடுதல் இல்லை, அந்தக் கறுப்பு ஒரு வகையில் காப்புதான். ஆனால் பொட்டாஷ் தூசியும் வியர்வையும் சேர்ந்தால் வருவது கறுப்பு இல்லை, குழி விழும் செந்துரு. அதுவும் ஆணியைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். எனவே வயல்காட்டுக்குத் துருப்பிடிக்காதது. வீட்டோடு தோட்டத்தோடு இருப்பவர்களுக்கு, துடைத்து வைக்கும் பழக்கம் இருந்தால், கார்பன். கார்பன் அலகு கல்லில் ஏறும் சுகம் வேறு எதிலும் வராது என்பது என் ஆசை சார்ந்த கூற்று, அதை விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஒரு எரிச்சலையும் பதிவு செய்துவிடுகிறேன். உலகத்துக்கே உருக்கு கொடுத்தவர்கள் நாம், கொடுமணல் உலைகளைப் பாருங்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். பேசலாம், உண்மைதான். இன்றைக்கு ஒரு தாலுகா ஊரின் ஹார்டுவேர் கடையில் நம்பி வாங்கக்கூடிய, உள்நாட்டில் செய்த மடக்குக் கத்தி ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டால் அந்தப் பெருமை திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறது. கடையில் இருப்பது கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில், ‘டாக்டிகல்’ என்று பொறித்த, வாங்கிய வாரமே ஆணி ஆடும் ஒரு சரக்கு.

*

உலகில் நீடித்து நின்ற மடக்குக் கத்திகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 1890-இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் செய்தது: மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. 1955-இல் அதில் ஒரு சுழலும் வளையம் சேர்ந்தது, அதுதான் பூட்டு. அடுத்த வருஷமே, 1891-இல், ஸ்விட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் தன் நாட்டுச் சிப்பாய்களுக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார், பிற்பாடு அது விக்டோரினாக்ஸ் ஆனது. அதே பத்தாண்டில் ஜப்பானின் மிகி நகரத்தில் ஹிகோநோகாமி வந்தது. மடித்த தகடுதான் பிடி, பூட்டு இல்லை, அலகின் பின்னால் நீண்டிருக்கும் வாலைக் கட்டைவிரல் அழுத்திக்கொள்ளும். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவிய கத்தி. 1929-இல் பிரான்சின் தியேர் நகரத்தில் செய்த டூக்-டூக்கும் அப்படித்தான், மடித்த தகட்டுக்குள் ஓர் அலகு. மெலனேசியத் தீவுகளில் விற்கலாம் என்று செய்தார்கள், அல்ஜீரியாவில் போய்ப் பிரபலமானது.

இவற்றில் ஒன்றையும் ‘முரட்டு உபயோகத்துக்கு’ என்று சொல்லி விற்கவில்லை. விவசாயிக்கு, சிப்பாய்க்கு, பள்ளிப் பிள்ளைக்கு என்று சொல்லி விற்றார்கள். ஆளைச் சொன்னார்கள், ஆளைச் சொன்னதும் வேலை தானாக வந்துவிட்டது. நான்குமே விலை குறைவு, பாகங்கள் குறைவு, அலகு மெல்லியது. மெல்லிய அலகு என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். தடித்த அலகு பொருளைப் பிளக்கும், மெல்லிய அலகு அறுக்கும். காணொளியில் அடி தாங்குவதற்காக 4 மில்லிமீட்டர் தடிமனில் செய்த அலகால் ஒரு தக்காளியைக்கூட ஒழுங்காக நறுக்க முடியாது, நசுக்கலாம்.

ஒப்பினெலுக்கு நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் மரப்பிடி ஊறிவிடும், அலகைத் திறக்க நகம் போதாது. சொந்த ஊரிலும் இதே சங்கடம்தான், பிடியின் முனையைத் தட்டித் திறப்பார்கள். எண்ணெயில் ஊறவைத்தால் கொஞ்சம் குறையும். அதைக் குறை என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

சரி, நமக்கென்று ஒரு மடக்குக் கத்தி இருந்ததா? இருந்தது, இந்த இதழைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. எழுத்தாணிகளில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகை உண்டு. மூன்றாவதில் பிடியின் ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் சின்னக் கத்தி. இரண்டும் மடங்கும். கத்தி ஓலையை நறுக்கி ஓரம் சீவ, ஆணி எழுத. இங்கிலீஷ்காரர்களின் பேனாக்கத்தியும் இறகுப்பேனா சீவப் பிறந்ததுதான். ஆக இரண்டு இடத்திலும் மடங்கும் கத்தி எழுதுகிறவனின் கருவியாக இருந்திருக்கிறது. ஊர் ஊராகப் போகிறவன், மடியில் செருகிக்கொள்பவன், கூர்மை தன்னையே குத்திவிடக் கூடாது என்று மடக்கி வைப்பவன். மடக்கெழுத்தாணியை வைத்து யாரும் பனைமரம் ஏறிப் பாளை சீவவில்லை. அதற்கு வேறு கருவி இருந்தது, அது பெரியது, அது மடங்கவில்லை.

*

விமர்சனம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் இதே மண்ணில் ஒரு மாதிரி இருக்கிறது. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம், 583 அடிகள், கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயர். செங்கத்தை ஆண்ட நன்னனிடம் போய்ப் பரிசு வாங்கித் திரும்பும் ஒரு கூத்தன், எதிரே வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். அதில் வரும் ஆறு சேயாறு, வரும் மலை நவிரம். அந்த நவிரத்தைப் பர்வதமலை என்று கொள்கிறார்கள். கலசப்பாக்கத்துக்காரர்கள் தினமும் பார்க்கிற மலை. வள்ளலின் புகழ் அந்தப் பாட்டில் நிறைய இருக்கிறது. ஆனால் வழி சொல்லும் பகுதிகளைப் படித்துப் பாருங்கள். எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே பாறை வழுக்கும், எந்தப் பக்கத்திலிருந்து தினைப்புனம் காப்பவர்களின் கவண்கல் பறந்து வரும், எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும். போய் வந்தவன், போகப்போகிறவனுக்காக, அவன் காலை மனசில் வைத்துச் சொல்கிறான். கத்தி விமர்சகர்கள் பெட்டியைத் திறந்த அன்றே பேசிவிடுகிறார்கள். ஒரு கத்தியை இரண்டு ஐப்பசி பையில் வைத்திருந்துவிட்டு எழுதினால் அது ஆற்றுப்படை.

இந்தக் காணொளிகள் காட்டும் காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் காடு எப்போதும் ஆளில்லாத இடம். ஒரு நகரத்து ஆள், முதுகுப்பை, புதுக் கத்தி, பச்சைப் பசேல் பின்னணி. ஜவ்வாது மலை அப்படிப்பட்ட இடம் இல்லை. அங்கே மலையாளிப் பழங்குடிகள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள், அவர்கள் கையில் எப்போதும் ஏதோ ஒரு அலகு இருக்கும், அது வேலைக்கான அலகு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரை அந்த மாநிலத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்றது. பெரும்பாலானவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களிலிருந்து போன கூலிகள். கல்லாலும் அரிவாளாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். போலி என்கவுண்டர் என்றார்கள் மனித உரிமை அமைப்பினர். எது எப்படியோ, ஒரு மலைக்காரன் கையில் இருக்கும் அரிவாள் எவ்வளவு சுலபமாக ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் போய்விடுகிறது என்பதை அந்த ஒரு வாக்கியத்தில் பார்க்கலாம். நகரத்து ஆளின் கையில் அதே கூர்மைக்குப் பெயர் ‘கியர்’.

சட்டம் இதில் ஓரளவு தெளிவாகவே பேசுகிறது. ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் கட்டுப்பாட்டுக்குள் வரும், வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை நீங்கலாக. பையில் வைக்கும் மடக்குக் கத்தி இந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் சோதனைச் சாவடியில் நிற்கும் காவலரிடம் போய் அங்குலக் கணக்குப் பேசிக்கொண்டிருக்க முடியாது. நம் சினிமா அவருக்கும் நமக்கும் சேர்த்தே பாடம் நடத்திவிட்டது, ‘டிக்’ என்று திறக்கும் கத்தி வில்லன் கத்தி. இந்திப் படங்கள் ராம்பூர் கத்திக்குச் செய்ததும் அதுதான். உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் கைத்தொழிலாகச் செய்து வந்த அந்த மடக்குக் கத்தி, படங்களில் ரவுடியின் அடையாளமாகி, நீள அலகுக்குத் தடை வந்து, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. தொழில் ஒடுங்கிய பிறகு 2023-இல் அந்த ஊர்ச் சதுக்கத்தில் 20 அடி உயரத்துக்கு ஒரு ராம்பூர் கத்தியைச் சிலையாக நிறுத்தினார்கள். செங்கம் வட்டாரத்தில் வில்லும் குறுவாளுமாக நிற்கும் வீரர்களின் நடுகற்கள் ஏராளம், 1972-இல் இரா. நாகசாமி அவற்றைத் தொகுத்து நூலாகப் பதிப்பித்தார். அங்கே செத்த ஆளுக்குக் கல் நட்டார்கள். ராம்பூரில் கத்திக்கே.

அதனால்தான் பார்வைக்கு மிரட்டும் கத்தியை வாங்காதீர்கள் என்கிறேன். கறுப்புப் பூச்சு, ரம்பப் பல், ஸ்பிரிங்கில் பாயும் அலகு, மண்டையோட்டுப் படம் எதுவும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் பார்த்ததும் “கொஞ்சம் குடுங்க தம்பி, மாம்பழம் நறுக்கிக்கிறேன்” என்று கை நீட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மா பயந்து நகர்ந்தால், உங்கள் எஃகு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்தக் கத்தியை நீங்கள் வெளியே எடுக்கப்போவதில்லை. எடுக்காத கத்தி எப்படித் தினசரிக் கத்தியாகும்?

ஒரே ஒரு அலகு, 7 முதல் 8.5 சென்டிமீட்டர், முதுகு 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. வயலில் இறங்குகிறவர் என்றால் துருப்பிடிக்காத எஃகு, பிளாஸ்டிக் அல்லது தகட்டுப் பிடி, பூட்டு இல்லாத வில் வகை அல்லது முதுகுப் பூட்டு. நர்சரியில் ஒட்டுக் கட்டுகிறவர் என்றால் நேர் வாய் அலகு, ஒரு பக்கம் மட்டும் சீவியது, அதற்கென்றே விற்கும் ஒட்டுக் கத்தியை வாங்கலாம். ஒயர்மேன் என்றால் நுனி மழுங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, பிடி வழுக்கக் கூடாது. இலக்கியக் கூட்டத்துக்குப் போய்ப் புத்தகப் பார்சல் பிரிப்பது மட்டுமே முரட்டு உபயோகம் என்றால், சொல்ல என்ன இருக்கிறது, மரப்பிடி ஒப்பினெல் வாங்கி ஆசையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஒரு காரியம் செய்யுங்கள். கத்தியைப் பாதி திறந்து, அலகைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆணி அசைந்தால் வைத்துவிடுங்கள். முழுசாகத் திறந்து திரும்ப ஆட்டுங்கள். அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மடக்கிய நிலையில் அலகு பிடியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்து உரசுகிறதா என்று பாருங்கள். ஆணியின் தலையை விரலால் தடவுங்கள். அடித்துப் பரப்பிய ரிவிட் என்றால் நல்லது, பிற்காலத்தில் ஆட ஆரம்பித்தாலும் எந்தப் பட்டறையிலும் அடியில் இரும்பை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் இறுகிவிடும். கூட வேலை வாங்கப் போகிற கொடுவாவையும் அங்கேயே விசாரித்துவிடுங்கள், இல்லையென்றால் அதன் வேலையையும் இதன் தலையில்தான் கட்டுவீர்கள். இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருக்கும் கடைக்காரர், “வாங்குறியா, வேடிக்கை பாக்குறியா?” என்று கேட்பார். கேட்கட்டும், இன்னொரு தடவை மடக்கித் திறந்து பாருங்கள்.